மணலில் எழுதிப் பழகியவர்
(உரைநடை: வாழ்க்கை வரலாறு)

நுழையுமுன்

மாணவர்களே! உங்களுள் பலர் தமிழ் வழங்காத ஊர்களில் இருந்துகொண்டு தமிழைக் கற்கின்றீர்கள். வகுப்பறைக்கு வெளியே தமிழ் ஒலி காதில் விழுவதில்லை. கடைப்பலகையிலும் பேருந்திலும் வேறு எழுத்துகளே கண்ணிற்படுகின்றன. ழகரமும் றகரமும் நாவில் வர மறுக்கும்போது மனம் சோர்வதும் உண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், தமிழில் ஓர் எழுத்தும் அறியாமல் கடல் கடந்து வந்து, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து தமிழ் கற்ற இளைஞர் ஒருவரின் வரலாற்றை இப்பாடம் கூறுகின்றது.

இளமையும் கல்வியும்

ஜெர்மனி நாட்டின் சாக்சனிப் பகுதியில் புல்சுனிட்சு என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1682-ஆம் ஆண்டு பர்த்தலோமேயு சீகன்பால்கு பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். சீகன்பால்கு சிறுவனாக இருந்தபோதே தாயும் தந்தையும் அடுத்தடுத்து மறைந்தனர். தமக்கையின் ஆதரவில் அவர் வளர்ந்தார். கெர்லிட்சு, பெர்லின் ஆகிய நகரங்களில் பயின்றபின், ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வி கற்கச் சென்றார். அங்கே அகஸ்டு ஹெர்மன் பிராங்கே என்னும் பேராசிரியர் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளியும் நடத்திவந்தார். கற்ற கல்வி ஏழைகளுக்குப் பயன்பட வேண்டும் என்னும் எண்ணம் அங்கேதான் சீகன்பால்குவின் உள்ளத்தில் வேரூன்றியது.

ஆனால், அவர் உடல் அவருக்குத் துணை செய்யவில்லை. வயிற்றுநோய் அடிக்கடி வருத்தியது. நோயினால் படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தது. தம்மால் எப்பணியையும் நிறைவாகச் செய்ய இயலாதோ என்னும் ஐயம் அவரை வாட்டியது. இந்நிலையில்தான் டென்மார்க்கிலிருந்து அழைப்பு வந்தது.

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக், கிழக்கிந்தியக் கடற்கரையில் தம் ஆட்சியின்கீழ் இருந்த தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளர்களை அனுப்ப விரும்பினார். தம் நாட்டில் தக்கவர் கிடைக்காமையால் ஜெர்மனியில் தேடச் செய்தார். சீகன்பால்குவும், அவரினும் சில ஆண்டு மூத்தவரான ஹென்ரிக் புளூட்சோவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இருவரும் 1705-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கோபன்ஹேகன் நகரில் குருப்பட்டம் பெற்றனர். அம்மாத இறுதியிலேயே சோபியா ஹெட்விக் என்னும் கப்பலில் ஏறினர். ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏழு திங்களுக்கு மேலாகப் பயணம் செய்து, 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடி வந்தடைந்தனர். அப்போது சீகன்பால்குவுக்கு ஏறத்தாழ 24 வயது.

வரவேற்பில்லாக் கரை

தரங்கம்பாடி சோழமண்டலக் கடற்கரையில் உள்ள ஊர். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரிடமிருந்து 1620-ஆம் ஆண்டில் டேனியர் அவ்வூரைப் பெற்று, டான்ஸ்பர்க் என்னும் கோட்டையைக் கட்டினர். மிளகும் துணியும் ஏற்றுமதி செய்வதே அவர்தம் நோக்கம். அரசருடைய ஆணையைக் கையிற்கொண்டு வந்த இரு இளைஞர்களையும் கோட்டையினர் விரும்பவில்லை. இவர்கள் மக்களிடையே சமயம் பேசப்போனால் வணிகம் கெடும். உள்ளூர்ப் பெரியோரும் தஞ்சை மன்னரும் சினம் கொள்வர் என்று கும்பினியார் அஞ்சினர்.

எனவே, கரையிறங்கிய அன்று இவர்களை எதிர்கொண்டு அழைப்பார் எவருமில்லை. வெயிலில் நெடுநேரம் காத்திருந்தனர். பிறகு வந்த தலைவர் ஹாசியஸ், இவர்கள் எதற்காக வந்தனர் என்று கடுமையாக வினவினார். தங்குவதற்கு இடமும் காட்டவில்லை. தெருவில் நின்ற இளைஞர்கள்மீது இரக்கங்கொண்டவர் உதவியால்தான் அன்றிரவு தலைசாய்க்க முடிந்தது. தங்களை அனுப்பிய அரசரின் கொடி பறந்த ஊரிலேயே தாங்கள் அயலாராக நிற்பதை அவர்கள் உணர்ந்தனர்.

மணலில் அகரம்

ஊரில் வணிக மொழியாகப் போர்ச்சுகீசியம் வழங்கியது. மக்கள் மொழியோ தமிழ். ஐரோப்பியர் அக்காலத்தில் அதனை மலபார் மொழி என்று தவறாக அழைத்துவந்தனர். அதைக் கற்பிக்க இலக்கண நூலோ அகராதியோ அவர்கள் கைக்கு எட்டவில்லை. புளூட்சோ போர்ச்சுகீசியத்தில் கருத்தைச் செலுத்தினார். சீகன்பால்கு தமிழைத் தேர்ந்தார்.

அவ்வூரில் முதியவர் ஒருவர் திண்ணைப் பள்ளி நடத்திவந்தார். அவரை வேண்டிக்கொண்டு, அப்பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்தும்படி சீகன்பால்கு ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை எழுதினர். பல்கலைக்கழகத்தில் இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் கற்றுவந்த அந்த ஐரோப்பியரும் அவர்கள் நடுவே சம்மணமிட்டு அமர்ந்து அதே மணலில் எழுதினார். பிள்ளைகள் உரத்துச் சொல்லியதை அவரும் உரத்துச் சொன்னார்.

எழுத்துகள் வசப்பட்டபோதும் பொருள் விளங்கவில்லை. முதிய ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. அப்போது அழகப்பன் என்பவர் துணைக்கு வந்தார். அவர் முன்னர்க் கும்பினியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர்ச்சுகீசியத்தோடு வேறு ஐரோப்பிய மொழிகளும் அறிந்தவர். அவர் வாயிலாகச் சொற்களின் பொருளும் தொடர்களின் அமைப்பும் தெளிவாயின. ஓராண்டுக்குள் சீகன்பால்கு தமிழ் மக்களிடம் தமிழிலேயே உரையாடத் தொடங்கினார்.

அழகப்பனோ இவ்வுதவிக்குப் பெருவிலை கொடுத்தார். கும்பினியாரின் சினத்திற்கு ஆளாகி அவர் தரங்கம்பாடியிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஓர் அயல்நாட்டவரின் கல்விக்காகத் தம் ஊரையே இழந்த அவ்வாசிரியரின் பெயரையும் நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

ஒரு நாளின் பொழுதுகள்

சீகன்பால்கு தம் அன்றாட வாழ்வை வகுத்துக்கொண்ட முறை நாம் அறியத்தக்கது. ஐரோப்பாவுக்கு எழுதிய மடலொன்றில் அவர் அதனைக் குறித்துள்ளார். அதன் செய்தி வருமாறு:

காலை வழிபாடு முடிந்தபின், 6 மணி முதல் 7 மணி வரை தம்மை நாடி வந்தோர்க்குத் தமிழில் சமயப் பாடம் நடத்துவார். 7 முதல் 8 வரை, முன்னாளில் கற்ற தமிழ்ச் சொற்களையும் தொடர்களையும் மீண்டும் சொல்லிப் பார்ப்பார். 8 முதல் நண்பகல் 12 வரை, தாம் முன்பு படித்திராத தமிழ் நூல்களையே படிப்பார். அருகில் ஆசிரியர் ஒருவர் அமர்ந்து பொருள் கூறுவார். எழுத்தர் ஒருவர், புதிதாக வரும் சொற்களையெல்லாம் குறித்துக்கொண்டே இருப்பார். 12 முதல் 1 வரை உணவு. அவ்வேளையிலும் ஒருவர் மறைநூலைப் படிக்க அவர் கேட்பார். 1 முதல் 2 வரை, வெயிலின் கொடுமை தாங்காது ஓய்வு. 2 முதல் 3 வரை மீண்டும் சமயப் பாடம். 3 முதல் 5 வரை மறுபடியும் தமிழ் நூல்கள். 5 முதல் 6 வரை கூட்டு வழிபாடு. 6 முதல் 7 வரை உடன் பணியாற்றுவோருடன் அன்றைய நிகழ்ச்சிகளைப் பற்றிக் கலந்துரையாடல். 7 முதல் 8 வரை எழுத்தர் தமிழ் நூல் படிக்க இவர் கேட்பார். விளக்கொளியில் தாமே படித்தால் கண் கெடும் என்று அஞ்சினார். 8 முதல் 9 வரை இரவு உணவு. அதன்பின் பள்ளிப் பிள்ளைகளை அருகழைத்து அன்று கற்றதைக் கேட்டுவிட்டே உறங்கச் செல்வார்.

இந்த அட்டவணையைக் கூட்டிப் பாருங்கள். ஒரு நாளில் எட்டு மணி நேரம் தமிழுக்கு உரியதாக இருந்தது. அதிலும் ஒரு மணி நேரம் பழைய பாடத்தைத் திரும்பப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. எழுத்தர் குறித்த சொற்கள் திரண்டு, 1708-ஆம் ஆண்டிலேயே 20,000 சொற்கள் கொண்ட அகராதியாயின. பின்னர் அத்தொகை 40,000 ஆக வளர்ந்தது. செய்யுள் வழக்குச் சொற்களுக்கெனத் தனி அகராதி ஒன்றையும் அவர் தொகுத்தார்.

சுவடிகள் மாற்றிய உள்ளம்

தமிழர் கல்வியும் ஒழுங்கும் இல்லாத மக்கள் என்னும் எண்ணம் அக்கால ஐரோப்பியரிடையே பரவியிருந்தது. கப்பலேறியபோது சீகன்பால்குவும் அவ்வாறே எண்ணியிருந்தார். தமிழ் நூல்களைத் தாமே படிக்கத் தொடங்கியபின், தம் எண்ணம் பிழையென்று அவரே எழுதினார். இம்மக்களிடம் ஒழுங்கான நீதியும் தேர்ந்த கல்வியும் உண்டு என்று தம் நாட்டாருக்கு அறிவித்தார்.

நூல்களைத் தேடி அவர் பெருமுயற்சி செய்தார். படியெடுப்போரை ஊர்தோறும் அனுப்பினார். கற்றோர் மறைந்தபின் வீட்டில் கிடந்த சுவடிகளை அவர்தம் கைம்பெண்களிடமிருந்து விலைக்குப் பெற்றார். தம்மிடம் சேர்ந்த நூல்களின் பட்டியலை 1708-ஆம் ஆண்டில் ஆயத்தம் செய்தார். தமிழர் இயற்றிய 119 நூல்கள் அதில் குறிக்கப்பட்டுள்ளன. தொல்காப்பியமும் திருக்குறளும் அவற்றுள் அடங்கும். ஒவ்வொரு நூலும் எதைப் பற்றியது, மக்கள் அதனை எவ்வாறு போற்றுகின்றனர் என்னும் குறிப்புகளும் உள்ளன. உ.வே. சாமிநாதையர் சுவடி தேடிப் புறப்படுவதற்கு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட பட்டியல் இது. அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்று அறநூல்களை அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நீங்கள் சிறு வகுப்பில் படித்த கொன்றைவேந்தன், ஔவையார் பிறந்த மண்ணைக் காணாதார் மொழிக்கு அன்றே சென்றது.

சிறையும் வறுமையும்

தரங்கம்பாடியில் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகள் பலர் இருந்தனர். 1707-ஆம் ஆண்டு மே மாதம் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் அடிமைகளே. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், இரு இளைஞர்களும் தங்கள் ஊதியத்தைக் கொண்டு சிறிய கோவில் ஒன்றைக் கட்டி முடித்தனர். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிகள் நிறுவினர். பெண்கல்வியை எவரும் எண்ணிப்பாராத காலம் அது. பள்ளியின் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் அவர்களே தந்தனர். கையிருப்புக் கரைந்தது.

ஐரோப்பாவிலிருந்து பணம் வரும் என்று இரண்டாண்டுகள் காத்திருந்தனர். 1708-ஆம் ஆண்டில் பணப்பெட்டியோடு கப்பல் வந்தது. கப்பலிலிருந்து கரைக்கு வரும் வழியில், பெட்டி கடலில் விழுந்து மூழ்கியது. தரங்கம்பாடியில் துறைமுகம் கிடையாது. அலைகளின் மேல் படகில்தான் பொருள்களைக் கரைசேர்க்க வேண்டும். கண்ணெதிரே மூழ்கிய பணம் மீளவேயில்லை. கடன் வாங்கிப் பள்ளிகளை நடத்த நேர்ந்தது.

அவ்வாண்டின் இறுதியில் வேறொரு துன்பம் வந்தது. கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் நீதி தவறிவிட்டதாகச் சீகன்பால்கு கருதினார். அவள் பொருட்டுத் தலைவர் ஹாசியஸிடம் முறையிட்டார். கும்பினியில் பணிபுரிந்த ஒருவர் அவ்வழக்கின் எதிர்த்தரப்பினர். தம் ஆட்சியில் தலையிடுவதாகச் சினந்த ஹாசியஸ், 1708-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் சீகன்பால்குவைச் சிறைப்படுத்தினார். டான்ஸ்பர்க் கோட்டையின் அறையொன்றில் நான்கு திங்கள் அடைபட்டுக் கிடந்தார். தொடக்கத்தில் எழுதுகோலும் மையும்கூட மறுக்கப்பட்டன. பின்னர் அவை கிடைத்ததும் அவர் நூல் எழுதலானார். 1709-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் விடுதலை பெற்றார்.

அவ்வாண்டு ஜூலையில் வந்த கப்பலில் குருண்ட்லர் என்னும் நண்பர் பணியில் சேர்ந்தார்; வேண்டிய பணமும் வந்தது. 1711-ஆம் ஆண்டு புளூட்சோ தாய்நாடு திரும்பினார். சீகன்பால்கு திரும்பவில்லை. வெயிலும் வயிற்றுநோயும் வருத்தியபோதும் தமிழ் வேலை தொடர்ந்தது.

ஈயமும் காகிதமும்

சிறைப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1708 அக்டோபர் 17-ஆம் நாள், விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்க அவர் தொடங்கியிருந்தார். இடையில் சிறைவாசம் குறுக்கிட்டது. 1711-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் அப்பணி முடிந்தது. முன்னர் வந்த கத்தோலிக்கத் துறவியர் தமிழில் எழுதிவைத்திருந்த நூல்கள், சமயச் சொற்களைத் தேர்ந்துகொள்ள அவருக்குப் பயன்பட்டன.

அதுவரை எல்லாம் ஓலையில் எழுத்தாணியால் எழுதப்பட்டன. படியெடுக்கக் காலமும் செலவும் மிகுதி. எனவே அச்சுப்பொறி வேண்டுமென்று எழுதினார். இலண்டனில் இருந்த சமய அறிவு வளர்ச்சிக் கழகத்தார் அச்சுப்பொறி ஒன்றை அனுப்பினர். வழியில் பிரேசில் நாட்டின் இரியோ நகர்த் துறையில் அக்கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். கூட வந்த அச்சுத் தொழிலாளரும் கடற்பயணத்திலேயே உயிர் நீத்தார். எப்படியோ மீட்கப்பட்ட பொறி 1712-இல் தரங்கம்பாடி வந்தபோது அதனை இயக்க ஆளில்லை. கோட்டைப் படைவீரர் ஒருவருக்கு அத்தொழில் தெரிந்திருந்தமையால் வேலை தொடங்கியது.

தமிழ் எழுத்துகள் ஹாலே நகரில் வார்க்கப்பட்டன. தமிழ் அறியாத வார்ப்போர், தரங்கம்பாடியிலிருந்து சென்ற எழுத்து வடிவங்களைப் பார்த்து அவற்றைச் செய்தனர். 1713-ஆம் ஆண்டு அவை வந்துசேர்ந்தன. உடன் வந்த அட்லர் என்பவர் அச்சுத்தொழிலில் வல்லவர். ஆயினும் எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன. அவற்றால் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால், இருந்த காகிதம் போதாது. எனவே அட்லர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். அதற்கு ஈயம் தேவைப்பட்டது. இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயப் பெட்டிகளை உருக்கி எழுத்துகள் செய்யப்பட்டன. பின்னர் அருகிலிருந்த பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் நிறுவப்பட்டது.

புதிய ஏற்பாட்டின் முதற்பகுதி 1714-ஆம் ஆண்டிலும் முழுமையும் 1715-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல் இதுவன்று. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் இதற்கு மூத்தது. ஆனால் அம்முயற்சி நெடுங்காலம் நின்றுபோயிருந்தது. தரங்கம்பாடியில் மீண்டும் தொடங்கிய தமிழ் அச்சு, அதன்பின் நிற்காமல் வளர்ந்தது.

சீகன்பால்குவின் தமிழ்நடை குறையற்றது என்று கூறுதற்கில்லை. ஊரில் வழங்கிய பேச்சும் எழுத்து வழக்கும் அதில் கலந்திருந்தன. செம்மையான செந்தமிழ் வல்ல வீரமாமுனிவர், தரங்கம்பாடியாரின் நடையைப் பிற்காலத்தில் கடுமையாகக் கண்டித்தார். கற்றோர் போற்றும் நடையா, எளிய மக்களுக்கு விளங்கும் நடையா என்னும் வினா தமிழ் உரைநடையில் அன்றே எழுந்துவிட்டது.

வினாக்களும் விடைகளும்

சீகன்பால்குவும் குருண்ட்லரும் தமிழ் அறிஞர்களுக்கு மடல்கள் எழுதினர். சமயம், கல்வி, மருத்துவம், குடும்ப வாழ்க்கை, ஐரோப்பியரைப் பற்றிய கருத்து எனப் பலவற்றைப் பற்றி வினாக்கள் கேட்டனர். 1712 முதல் 1714 வரை வந்த விடைகளுள் 99 மடல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினர். அவற்றுட் பலவற்றை எழுதியவர் அழகப்பனே என்பது ஆய்வாளர் கருத்து. ஐரோப்பியர் சொல்லும் அறத்திற்கும் செய்யும் செயலுக்கும் உள்ள வேறுபாட்டை அம்மடல்கள் அஞ்சாமல் எடுத்துரைத்தன. அவ்விடைகளையும் சீகன்பால்கு மறைக்கவில்லை, அவ்வாறே அனுப்பிவைத்தார்.

தென்னிந்தியக் கடவுளரைப் பற்றியும் வழிபாடுகளைப் பற்றியும் 1713-ஆம் ஆண்டில் பெருநூல் ஒன்றை எழுதி முடித்தார். தம் சமயமே மெய்யானது என்னும் கொள்கையில் அவர் உறுதியாக இருந்தார். அவர் அச்சிட்ட சில சிறுநூல்களில் பிற சமயத்தாரைக் கடிந்துரைத்த பகுதிகளும் உண்டு. எனினும், ஒரு மக்களைத் திருத்த எண்ணுவோர் முதலில் அவர்களை அறிய வேண்டும் என்று அவர் நம்பினார். அவரை அனுப்பிய பெரியோர் அவ்வாறு கருதவில்லை. அயல் சமயத்தை ஒழிக்கப் போனவர் அதனை ஐரோப்பாவில் பரப்பத் தேவையில்லை என்று பிராங்கே கூறிவிட்டார். கையெழுத்துப் படி ஹாலேயின் ஏட்டு அறையில் உறங்கியது. ஆசிரியர் மறைந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு சென்றபின், 1867-ஆம் ஆண்டில் அந்நூல் சென்னையில் அச்சேறியது.

இறுதி ஆண்டுகள்

1714-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் பயணமானார். மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் உடன் சென்றார். கப்பலில் கழிந்த திங்கள்களை வீணாக்காமல், மலையப்பனின் துணையோடு இலத்தீன் மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார். 1716-ஆம் ஆண்டு ஹாலேயில் அது அச்சாயிற்று. தமக்குக் கிடைக்காத நூல், தமக்குப்பின் வருவோர்க்குக் கிடைக்கட்டும் என்று எண்ணினார் போலும்.

அப்பயணத்தில் டென்மார்க் அரசரையும் இங்கிலாந்து அரசரையும் கண்டார். மரியா தொரத்தேயா என்னும் நங்கையை மணந்து, 1716-ஆம் ஆண்டில் அவருடன் தரங்கம்பாடி திரும்பினார். ஹாசியஸ் பதவியிலிருந்து நீங்கியிருந்தார். பழைய கோவில் கடலுக்கு மிக அண்மையில் இருந்தமையாலும் இடம் போதாமையாலும் புதிய கோவில் எழுந்தது. 1718-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அது திறக்கப்பட்டது.

துன்பம் இம்முறை கோட்டையிலிருந்து வரவில்லை; கோபன்ஹேகனில் இருந்த சமயப் பணிக்கழகத்திலிருந்து வந்தது. கழகச் செயலர் வெண்ட், பணியாளர்கள் துறவிகளைப் போல் ஊர் ஊராகத் திரிந்து போதிக்க வேண்டும். பள்ளிக்கும் கட்டடத்திற்கும் பணம் செலவிடுதல் தவறு என்னும் கருத்துடையவர். கடுஞ்சொற்கள் நிறைந்த மடலொன்று தரங்கம்பாடிக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த பின்னர்த் தம்மவரே தம்மைப் பழித்ததை நோயுற்றிருந்த சீகன்பால்குவின் உள்ளம் தாங்கவில்லை. அம்மடலின் தளர்ச்சியிலிருந்து அவர் மீளவேயில்லை.

1719-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், 36-ஆம் வயதில் அவர் மறைந்தார். தாம் கட்டிய கோவிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் கதை வரை தமிழாக்கியிருந்தார். மறு ஆண்டே குருண்ட்லரும் மறைந்தார். பின்வந்த சூல்ட்சே எஞ்சிய பகுதியை முடித்தார்.

1845-ஆம் ஆண்டில் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றனர். இன்று அவ்வூர் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. சீகன்பால்கு சிறையிருந்த டான்ஸ்பர்க் கோட்டை கடலை நோக்கி நிற்கின்றது. 1718-இல் திறந்த கோவிலில் இன்றும் தமிழில் வழிபாடு நடைபெறுகின்றது. மணலில் அவர் எழுதிப் பழகிய எழுத்துகளைக் காற்று அன்றே கலைத்திருக்கும். அவர் தொகுத்த பட்டியலும், எழுதிய இலக்கணமும், தமிழர் அவருக்கு எழுதிய மடல்களும் இன்றும் ஆய்வாளர் கைகளில் உள்ளன.

சொற்பொருள்

கும்பினி – வணிகக் குழுமம்
துபாஷி – இருமொழி அறிந்த மொழிபெயர்ப்பாளர்
திண்ணைப் பள்ளி – ஆசிரியர் தம் வீட்டுத் திண்ணையில் நடத்தும் பள்ளி
எழுத்தாணி – ஓலையில் எழுதும் கூரிய கருவி
வார்த்தல் – உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி வடிவமைத்தல்
படியெடுத்தல் – ஒரு நூலைப் பார்த்து மற்றொன்று எழுதுதல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தரங்கம்பாடிக் கும்பினியார் சீகன்பால்குவை விரும்பாமைக்குக் காரணம் யாது?
2. ஹாலேயில் வார்த்த எழுத்துகளை விட்டுப் புதிய எழுத்துகள் ஏன் வார்க்கப்பட்டன?
3. அழகப்பன் செய்த உதவியும் அதனால் அவர் அடைந்த துன்பமும் யாவை?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. தமிழ் நூல்களைப் படித்தபின் சீகன்பால்குவின் எண்ணம் எவ்வாறு மாறியது?
2. பிராங்கே, வெண்ட் ஆகியோரின் கருத்துகள் சீகன்பால்குவின் கருத்துகளோடு எவ்வாறு முரண்பட்டன? யார் கருத்தை நீங்கள் ஏற்கின்றீர்கள்? காரணம் கூறுக.

இ. மொழிப்பயிற்சி
1. பிரித்து எழுதுக: கையெழுத்து, சிற்றூர், ஓலைச்சுவடி, கண்ணெதிரே.
2. பெண்கல்வி, கடற்கரை, காகித ஆலை – இவற்றைச் சொந்தத் தொடர்களில் அமைத்து எழுதுக.

ஈ. செயல்பாடு
சீகன்பால்குவின் நாள் அட்டவணையைப் போல உங்கள் ஒரு நாளை நேர வரிசையில் தமிழில் எழுதுக. அதில் கற்றதைத் திரும்பப் பார்க்க எவ்வளவு நேரம் ஒதுக்குகின்றீர்கள் எனக் குறிப்பிடுக. உங்கள் ஊரில் வழங்கும் மொழியிலிருந்து பத்துச் சொற்களைத் திரட்டி, அவற்றுக்குத் தமிழில் பொருள் எழுதிச் சிறு அகராதி ஒன்றும் உருவாக்குக.